காமன் எரியும் இரவையும் பாடமாக்குங்கள்: மலையக அறநெறி ஆசிரியர்களுக்கும் தோட்டக் கோயில் சபையினருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் கோயில் சபைப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தில் ஞாயிற்றுக்கிழமை அறநெறி என்னும் சமய வகுப்புக்கு வரும் பிள்ளையிடம், சிவன் வீரச்செயல் புரிந்த அட்ட வீரட்டத் தலங்களைக் கேட்டால் எட்டையும் மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். திருக்குறுக்கை எது என்றால், சிவபெருமான் காமனை எரித்த தலம் என்று சொல்லும். அதே பிள்ளை மாசி மாதத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குக் கீழே இருக்கும் காமன் பொட்டலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய இருந்து காமன் எரிவதைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே கதை என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கொப்பியில் இருக்கும் சிவன் பரீட்சைக்கு, பொட்டலில் வரும் சிவன் தாத்தாமாருக்கு என்று அது தானாகவே பிரித்து வைத்துக்கொள்கிறது. வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது இரண்டு சிவனையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறது.

தோட்டத்துக் கூத்தோடும் கோயிலோடும் பழகி வருகிற நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தோட்டத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் கடவுளைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். கூத்திலும் மலை வேலையிலும் விளையாட்டிலும் அவர் இருக்கிறார். பிள்ளைகள் போனில் கேட்கும் படப்பாட்டில்கூட அவரைத் தேடலாம்.

இதைப் புதுக்கொள்கை என்று யாரும் அஞ்ச வேண்டாம். திருவாசகத்தைத் திறந்து பாருங்கள். திருப்பொற்சுண்ணம் பெண்கள் வாசனைப் பொடி இடிக்கும்போது பாடும் பாட்டு. திருப்பூவல்லி பூப்பறிக்கும் பாட்டு, திருப்பொன்னூசல் ஊஞ்சல் பாட்டு. திருவம்மானையும் திருவுந்தியாரும் பெண்பிள்ளைகளின் விளையாட்டில் பிறந்தவை. மாணிக்கவாசகர் தெருவிலும் முற்றத்திலும் கேட்ட மெட்டுகளை எடுத்து அவற்றிலேயே இறைவனைப் பாடினார். நாமோ அந்தப் பாட்டுகளின் விளையாட்டைக் கழற்றிவிட்டுச் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்விக்கிறோம்.

அதே திருவாசகத்தின் திருச்சாழலைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 20 பாடல்கள். ஒரு வகுப்புக்கு மூன்று போதும். ஒவ்வொன்றும் நான்கு அடி. முதல் இரண்டு அடியில் ஒருத்தி சிவனைக் கிண்டல் செய்து கேள்வி கேட்கிறாள், அடுத்த இரண்டில் மற்றவள் பதில் சொல்லி வாயடைக்கிறாள். ஈழத்து அரசனின் ஊமை மகள் வாய் திறந்து சொன்ன பதில்கள் இவை என்பது மரபுக் கதை. நம் பிள்ளைகள் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும். வகுப்பை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்துங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், அடுத்த பாட்டுக்கு மாற்றிக்கொள்ளட்டும். ஆசிரியரே நான்கு அடியையும் ஒரே தொனியில் வாசித்தால் கிண்டல் செத்துப்போகும், அதோடு பாட்டும் போய்விடும். கேள்வி கேட்கும் பிள்ளை உண்மையாகவே சீண்டிக் கேட்க வேண்டும். முதற்பாட்டின் பதில் ‘ஈசனவன் எவ்வுயிர்க்கும் இயல்பானான்’ என்று முடிகிறது. அந்த இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளே ஒரு கேள்வி கட்டட்டும்: கோபுரம் இல்லாத கல்லில் சாமி இருக்குமா? ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலைக்குள்) ரோதை எனும் இயந்திரச் சக்கரத்தின் சத்தத்துக்கு நடுவே சாமிக்கு என்ன வேலை? பதிலையும் அவர்களே கட்டுவார்கள்.

இனி காமன் கூத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் பொட்டலில் காமன் ஊன்றுவார்கள். கம்பத்தில் என்னென்ன கட்டுவது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆமணக்குக் கொம்பு, கரும்பு, வைக்கோல் என்பவை பெரும்பாலும் இருக்கும். அன்று மாலை பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். கரும்பைக் காட்டி அது காமனின் வில் என்று சொல்லுங்கள். அவன் அம்புகள் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என ஐந்து பூ. இவற்றில் நம் தோட்டத்தில் எது பூக்கிறது என்று தேடவிடுங்கள். காமன் ஏன் போனான் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். சூரபன்மனின் கொடுமை தாங்காத தேவர்களுக்குச் சிவகுமாரன் பிறக்க வேண்டியிருந்தது. சிவனோ யோகத்தில் இருந்தார். அதைக் கலைக்கத்தான் காமனை அனுப்பினார்கள். கந்தபுராணத்தில் காமதகனம் முருகன் பிறப்புக்கு முந்திய படலமாக நிற்பது இதனால்தான். பால்குடமும் காவடியும் எடுக்கும் பிள்ளைக்கு, அந்த முருகன் பிறப்பதற்கு முன் இந்தப் பொட்டலில் ஒருவன் எரிய வேண்டியிருந்தது என்று தெரிந்தால், அடுத்த முறை பொட்டலுக்கு வேறு கண்ணோடு வரும்.

பௌர்ணமி இரவில் தகனம். அதுவரை ரதியும் மன்மதனுமாகக் காப்புக் கட்டியவர்கள் விரதம் இருப்பார்கள். ரதி வேடமும் ஆண்தான் கட்டுவார். தூதன், எமன், வீரபத்திரன் என்று ஒவ்வொருவராகக் களத்துக்கு வருவார்கள். எரிந்து முடிந்ததும் ரதி அழத் தொடங்குவாள். அந்த அழுகை ஒப்பாரி மெட்டில் வரும். தன் வீட்டு இழவில் அதே மெட்டில் அழுத பெண்கள் சுற்றி இருந்து கூடவே அழுவார்கள். ரதி யாருக்காக அழுகிறாள், அந்த அம்மா யாருக்காக அழுகிறாள் என்று அந்த நேரத்தில் பிரிக்க ஏலாது. மூன்றாம் நாள் காமனை எழுப்பும் சடங்கு நடக்கும். அழுதவளின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி சிவன் அவனைத் திருப்பிக் கொடுக்கிறார்.

நாம் கெடுப்பது இந்த இடத்தில்தான். போட்டி மேடைக்கும் கலைவிழாவுக்கும் கூத்தை இருபது நிமிடமாகச் சுருக்கும்போது நெருப்பை வைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் அது பார்க்க எடுப்பாக இருக்கிறது. ரதியின் அழுகையையும் மூன்றாம் நாளையும் வெட்டிவிடுகிறோம். அப்போது பிள்ளையின் மனதில் மிஞ்சுவது கோபம் வந்தால் எரித்துவிடும் சிவன் மட்டும். ஒரு பெண்ணின் கண்ணீருக்கு இறங்கி வந்து தன் தீர்ப்பைத் தானே தளர்த்தும் சிவனை அது பார்க்கவே இல்லை. நேரம் குறைவென்றால் தூதனின் வருகையைச் சுருக்குங்கள், வீரபத்திரன் ஆட்டத்தைச் சுருக்குங்கள். ரதியின் புலம்பலில் கை வைக்காதீர்கள்.

கூத்துக்கு உயிர் கொடுக்கும் தப்பு என்ற பறையைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் குளிரிலும் பனியிலும் தோல் ஈரம் இழுத்துத் தளர்ந்துவிடும். அடித்தால் மண்ணில் அடித்த சத்தம் வரும். அதனால் பொட்டலின் ஓரத்தில் வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்தி, தப்பைத் தீயின் முகத்தில் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். விரலால் தட்டிப் பார்த்து, ஓசை கணீரென்று வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கருகி வெடிக்கும். இரவு முழுவதும் இடைக்கிடை காய்ச்சியாக வேண்டும், ஆகவே விறகையும் வைக்கோலையும் நனையாமல் எடுத்து வைப்பது சபையின் பொறுப்பு. இந்த வேலை வேண்டாமென்று பிளாஸ்டிக் தோல் போடுகிறார்கள். அது பனிக்குத் தளராது என்பது உண்மைதான். ஆனால் ரதியின் பாட்டுக்கு அடியில் ஓடவேண்டிய தாழ்ந்த நாதம் அதில் இல்லை.

அதைவிடப் பெரிய கேடு வேறு. தப்பு அடிப்பவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்துவதும், கூலிக்குப் பதில் சாராயம் வாங்கிக் கொடுப்பதும், பந்தி முடிந்தபின் சோறு போடுவதும் இன்னும் நடக்கிற இடங்கள் உண்டு. சாமியை அழைக்கும் கையை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே எந்தச் சாமியைத் தேடுகிறோம்? கூலியைத் திருவிழாவுக்கு முன்பே பேசிக் காசாகக் கொடுங்கள். எல்லோரோடும் ஒரே பந்தியில் அவர்களை உட்கார வையுங்கள். அறநெறிப் பிள்ளைகள் நான்கு பேரையாவது அவர்களிடம் அடி பழக அனுப்புங்கள். எந்தச் சாதிப் பிள்ளை என்று பார்க்காமல் அனுப்புங்கள். இதை நாங்கள் கெஞ்சியே கேட்கிறோம்.

கோயில் சபையினருக்கு இன்னொரு வேண்டுகோள். நமக்கு முன் இங்கே வந்தவர்கள் வேலை செய்த இடத்திலெல்லாம் சாமியைக் கண்டார்கள். ஸ்டோரில் ரோதமுனி, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் கவ்வாத்துச்சாமி, கொழுந்து மலையில் கொழுந்துச்சாமி. கத்தி வைக்கும் முன் ஒரு கல்லுக்குச் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். கொழுந்து பறிக்க நிரை பிடித்ததும் ‘பொலி, பொலி’ என்று சொல்லி முதல் கொழுந்தைக் கிள்ளினார்கள். சில இடங்களில் கத்தோலிக்கப் புனிதரான வனத்துச் சின்னப்பருக்கும் இந்துக்களே மெழுகுதிரி ஏற்றினார்கள். ஆகமப்படி பெரிய கோயில் கட்டுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் கும்பாபிஷேக வேலை தொடங்கியதும் முதலில் காணாமல் போவது இந்தச் சின்னச் சாமிகள்தான். தரைக்கு மாபிள் பதிக்கும்போது சூலம் ஒரு மூலைக்குப் போகும், கல் மதிலுக்குப் பின்னால் போகும், அடுத்த வருடம் அதன் பெயர் தெரிந்த ஆள் இருக்கமாட்டார்.

ஆகவே வேலை தொடங்க முன் ஒரு நாள் ஒதுக்கிப் பதிவு செய்யுங்கள். சாமியின் பெயர், கல் அல்லது சூலம் நிற்கும் இடம், அது பார்க்கும் திசை, அளவு, எந்தக் குடும்பம் பூசை செய்கிறது, எந்தக் கிழமையில், என்ன படைக்கிறார்கள், என்ன பாடுகிறார்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு மட்டக்கம்பை நிறுத்தி எடுத்தால் அளவு பின்னாளிலும் புரியும். கட்டாயம் இடம் மாற்றவேண்டி வந்தால் பார்த்த திசை மாறாமல் வையுங்கள். மூடிய ஸ்டோர்களில் இரும்பு விற்கும்போது ரோதமுனியும் கூடவே போய்விடும். அதற்கு முன் நிர்வாகத்தோடு கதைத்து அவரை எடுத்து வாருங்கள்.

தைப்பொங்கலுக்கு ஒரு யோசனை. ‘நாங்கள் நெல் விதைக்கவில்லையே, எங்களுக்கு என்ன பொங்கல்?’ என்று பெரிய பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அன்று கிள்ளிய கொழுந்து ஒரு கைப்பிடி வையுங்கள், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக. குவித்து வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும், ஆகவே தட்டில் பரப்பி வையுங்கள். அம்மாவின் கையில் தினமும் இருப்பது சூரியனுக்கு முன் படையலாக இருப்பதைப் பிள்ளை பார்க்கட்டும்.

படப்பாட்டைப் பற்றிப் பலருக்கும் தயக்கம் இருக்கும். அப்பரின் ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்’ என்ற தேவாரத்தை எடுங்கள். ஒருவன் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பிறகு பெற்றவரையும் ஊர்வழக்கையும் விட்டு அவனையே பற்றிக்கொண்ட பெண்ணின் பாட்டு அது. திருவாரூர் இறைவனை அப்பர் அப்படித்தான் பாடினார். இதைப் படிப்பித்த பின், பிள்ளைகளே கொண்டுவரும் ஒரு காதல் பாட்டைப் போனில் போட்டுவிட்டுக் கேளுங்கள்: யார் யாரிடம் சொல்கிறார்? இதில் எந்த வரியைச் சாமியிடமும் சொல்லலாம், எது ஒட்டாது? ஏன் ஒட்டாது? ஒட்டாத வரிகளைப் பற்றித்தான் அதிகம் கதைப்பார்கள், கதைக்கட்டும். அங்கேதான் அவர்களுக்கு அன்பின் தரம் பிடிபடும். சாமிப் படப் பாட்டில் தொடங்காதீர்கள். அந்தப் படங்களில் அம்மன் மின்னலோடு வந்து கெட்டவனை அழித்துவிட்டுப் போகிறாள். தன் வீட்டில் அப்பா நோயில் கிடக்கும்போது மின்னல் வராததைப் பார்த்த பிள்ளை, சாமியே இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

திருவிழாவில் ஸ்பீக்கர் பாட்டு இருக்கட்டும். ஆற்றில் கரகம் பாலித்து (அலங்கரித்துச் சாமியை அழைத்து) புறப்பட்டது முதல் கோயில் வந்து சேரும் வரை மட்டும் நிறுத்திவையுங்கள். அந்த வழியில் தப்பும் கும்மியும் காதில் விழ வேண்டும்.

இதையெல்லாம் ஒரே வருடத்தில் செய்ய முடியாது. காமன் கூத்தில் தொடங்குங்கள். தை பிறந்ததுமே கூத்து மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். மாசியில் அவருக்கு நேரம் இருக்காது. அவரிடம் பாட்டுக் கொப்பி இருந்தால் அனுமதி கேட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். பாட்டைப் பதிவு செய்யும்போது முதலில் தப்பு இல்லாமல் குரலை மட்டும் எடுங்கள். தப்போடு எடுத்தால் போனில் சொற்கள் அமுங்கிவிடும். தப்படியைப் பிறகு பத்தடி தள்ளி நின்று தனியாக எடுக்கலாம். ஒரு பிரதி கோயிலுக்கு, ஒன்று பாடசாலை நூலகத்துக்கு, ஒன்று மாஸ்டரின் வீட்டுக்கு. கொப்பியை அன்றைக்கே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
மலையகக் கூத்துக்களத்தைச் சேர்ந்த சிலர்