கையா, கைகளா?

அன்புள்ள தேவி,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலையில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதுதான் பெரும்பாடு என்று எழுதியிருந்தாய். நான் இப்போது மாலையில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன், நீ கேட்டதையேதான் அவர்களும் கேட்கிறார்கள்: எல்லாரும் கை தூக்கினார்கள் என்பதற்கு 'தேர் ஹேண்ட்' வருமா, 'தேர் ஹேண்ட்ஸ்' வருமா?

ஹேண்ட்ஸ்தான். ஆளுக்கு ஒரு கையைத்தான் தூக்கினார்கள் என்றாலும், ஆட்கள் பலர் என்றால் கைகளும் பல என்றே ஆங்கிலம் கணக்குப் போடும். மனசை மாற்றிக்கொண்டார்கள் என்றால் 'தேர் மைண்ட்ஸ்', உயிரிழந்தார்கள் என்றால் 'தேர் லைவ்ஸ்'. எல்லாருக்கும் பொதுவாக ஒரே வீடு இருந்தால் மட்டும் 'தேர் ஹவுஸ்'. நமக்கு இது தடுமாறுவதற்குக் காரணம், தமிழ் இதையெல்லாம் கேட்பவரிடமே விட்டுவிடுகிறது. கை கழுவினேன், பல் தேய்த்தேன் என்கிறோம், யாருடைய கை, எத்தனை பல் என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் இரண்டையும் சொல்லியாக வேண்டும், 'மை ஹேண்ட்ஸ்', 'மை டீத்' என்று. நாலு மாடு, பத்து வீடு என்று எண்ணைச் சொன்னபின் நமக்குப் பன்மை வேண்டியதில்லை, அங்கே அதுவும் வேண்டும். ஆளுக்கு ஒன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'ஈச்' என்று தொடங்கி ஒருமையிலேயே எழுதிவிடு, குழப்பம் வராது.

அப்புறம் அந்த அப்பாஸ்ட்ரஃபி, அதாவது ஒன்று யாருடையது என்று காட்ட எழுத்துக்கு மேலே போடும் சின்னக் குறி (’). உடையவர் யாரோ அவரை முதலில் முழுசாக எழுதிவிட்டு, அதன் பிறகு குறியைப் போடு. ஒரே ஸ்டூடன்ட் என்றால் குறி, அப்புறம் எஸ். பல ஸ்டூடன்ட்ஸ் என்றால் எஸ் ஏற்கெனவே இருக்கிறது, அதன் பின்னால் குறி மட்டும். 'சில்ட்ரன்' பன்மைதான், ஆனால் எஸ்ஸில் முடியவில்லை, ஆகவே குறியும் எஸ்ஸும் இரண்டும் சேரும். இந்தக் குறி ஆங்கிலத்துக்குள் வந்ததே 16ஆம் நூற்றாண்டில். பன்மைக்குப் பின்னால் போடும் வழக்கம் நிலைத்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. அதனால் கஷ்டமாக இருக்கிறதே என்று மனம் தளராதே. 'அதனுடைய' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்' என்ற சொல்லுக்குக் குறியே கிடையாது, 'ஹிஸ்' போலத்தான். குறி போட்டால் அது 'இட் இஸ்' ஆகிவிடும். அறிக்கைகளில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

'ஃபர்னிச்சர்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' எதற்கும் பன்மை என்று எஸ் சேர்க்காதே, அவ்வளவுதான்.

எழுதிய அறிக்கையில் ஒரு பக்கம் அனுப்பு, பார்த்துத் தருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

உன்,
மல்லிகா