பை 'தொலைந்துவிட்டது' என்று எழுதிய என்னைத் திருத்தியவர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய வேலூர் மக்களுக்கு வணக்கம்.

காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சிறிய தங்கும் விடுதியின் மேலாளராக நான் பணிபுரிகிறேன். எங்கள் அறைகளில் தங்குவோரில் பெரும்பாலோர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வரும் வங்காளிகள். மேற்கு வங்கத்தவரும் உண்டு, வங்கதேசத்தவரும் உண்டு. சென்ற கார்த்திகை மாதத்தில் வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு தம்பதியருக்கு நேர்ந்த இடரில் துணை நின்றவர்களுக்கு நேரில் நன்றி சொன்னேன் என்றாலும், என் பிழையையும் சேர்த்துப் பொதுவில் சொன்னால்தான் அந்த நன்றி முழுமையாகும் என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

அன்று விடியற்காலை மருத்துவமனைக்கு நடந்து சென்ற அந்த அம்மையாரின் கைப்பை பறிபோனது. அதில் இருவரின் பாஸ்போர்ட்டுகளும் பதினெட்டாயிரம் ரூபாயும் இருந்தன. அவர் அழுதுகொண்டே விடுதிக்குத் திரும்பி, தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "பேக் சலா கயா" என்றார். எனக்குத் தெரிந்ததும் அரைகுறை இந்திதான். பை போய்விட்டது என்று புரிந்துகொண்டு, 'பை தொலைந்துவிட்டது' என்று புகார் மனுவை நானே எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு காவல் நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். அவசரத்தில் உதவி செய்கிறோம் என்ற பெருமிதம் வேறு எனக்கு இருந்தது.

முதல் நன்றி அந்த நிலையத்தில் எழுத்தராக இருந்த ஏட்டய்யாவுக்கு. மனுவை வாங்கிப் படித்தவர், தொலைந்த ஆவணங்களுக்கு இணையத்திலேயே பதிவு செய்து சான்று பெறலாம் என்று சொல்லி எங்களை அனுப்பியிருக்கலாம். என் மனுவின்படி அதுவே முறை. ஆனால் அவர் பார்வை அம்மையாரின் மணிக்கட்டில் நின்றது. பையின் வார் இழுத்த இடத்தில் தோல் வழன்று சிவந்த கோடாக இருந்தது. "தானா தொலைஞ்ச பைக்கு கையில ஏன் சார் காயம்? இவங்க பாஷை தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டினு வாங்க" என்றார். இரண்டு மணி நேரம் அம்மையாரின் பக்கத்தில் இருந்தும் அந்தக் கோடு என் கண்ணில் படவில்லை.

எங்கள் தெருமுனையில் வங்காளிகளுக்கு மீன்குழம்பும் சோறும் போடும் கடையில் சமையல் செய்யும் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்துக்காரத் தம்பிக்கு அடுத்த நன்றி. உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தபோது அழைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மீன் செதிலோடு வந்தார். வந்ததும் அம்மையாரிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஹாரியே கேச்சே, நா சின்தாய்?" தொலைந்துவிட்டதா, பிடுங்கிக்கொண்டு போனார்களா என்று பொருள். "சின்தாய், சின்தாய்" என்று அவர் பதறிக்கொண்டு சொன்னபோதுதான், என் மனு எவ்வளவு பெரிய தவறு என்பது எனக்கு உறைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பது 304ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய தனிக் குற்றம். நான் எழுதிக் கொடுத்ததிலோ குற்றமே இல்லை.

அதன்பிறகு நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். வாய்மொழியாகச் சொல்லப்படும் புகாரை எழுதிக்கொண்டு, சொன்னவருக்கே படித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்பது சட்டம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் இருக்கிறது. தமிழ் தெரியாதவருக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு 'படித்துக் காட்டப்பட்டது' என்று அச்சிட்ட வரிக்குக் கீழே கையொப்பம் வாங்குவதால் என்ன பயன்? தம்பிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே ஏட்டய்யா ஒவ்வொரு வரியாக நிறுத்திப் படிக்க, தம்பி அதை வங்க மொழியில் சொல்ல, அம்மையார் மூன்று இடங்களில் கையுயர்த்தித் திருத்தினார்: வண்டியில் இருந்தவர்கள் இருவர், பிடுங்கியவன் பின்னால் அமர்ந்திருந்தவன், தலைக்கவசம் அணிந்திருந்தவன் ஓட்டியவன் மட்டுமே. மூன்றாவது திருத்தத்தின்போது ஏட்டய்யா ஏற்கெனவே எழுதிய தாளைக் கிழித்துவிட்டு முகம் சுளிக்காமல் புதிதாக எழுதினார்.

மொழிபெயர்த்தவர் என்ற முறையில் தம்பியும் கையொப்பமிட வேண்டியிருந்தது. அவர் தயங்கினார். பிழைக்க வந்த ஊரில் காவல் நிலையத்துத் தாளில் பெயர் ஏறினால் கோர்ட்டுக்கு இழுப்பார்களோ என்ற அச்சம் அவருக்கு. தேவைப்பட்டால் சாட்சியாக அழைப்பார்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, அழைத்தாலும் பயப்பட ஒன்றுமில்லை என்று ஏட்டய்யா விளக்கிய பின், தம்பி வங்க எழுத்தில் தம் பெயரை நிதானமாக எழுதினார். அன்றைய மதிய வியாபாரம் அவருக்குப் போயிற்று. ஈடாக நான் நீட்டிய பணத்தை அவர் தொடக்கூட இல்லை.

சந்தின் வாயிலில் நின்றிருந்து வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தீப்பெட்டி மேல் எழுதிவைத்திருந்த ஆட்டோக்கார அண்ணனுக்கும் நன்றி. பாஸ்போர்ட் எண்கள் கிடைத்தது, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் விடுதிகள் இணையத்தில் பதிய வேண்டிய, சி ஃபார்ம் என்று நாங்கள் சொல்லிப் பழகிய படிவத்திலிருந்து. அந்தப் படிவத்தைத் தொந்தரவாக நினைத்து நான் முணுமுணுத்த நாட்கள் உண்டு.

முதல் தகவல் அறிக்கையின் நகல் அன்று மாலையே கட்டணமின்றிக் கையில் வந்தது. அது தமிழில் இருந்ததால், அவர்கள் நாட்டுத் தூதரகத்தில் காட்ட ஆங்கிலப்படி தேவைப்பட்டது. சத்துவாச்சாரியில் வசிக்கும், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இரவோடிரவாக மொழிபெயர்த்துத் தந்தார். 'பறிப்பு' என்ற சொல்லுக்குச் சரியான ஆங்கிலச் சொல் எது என்று என்னைத் தொலைபேசியில் இரண்டு முறை அழைத்து விசாரித்தார். எனக்குத் தெரியாது என்றதும், சட்டப் புத்தகம் வைத்திருக்கும் தம் தங்கை மகனைக் கேட்டு எழுதினார். அந்தத் தாளை வைத்தே தற்காலிகப் பயண ஆவணமும், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நாட்டைவிட்டுச் செல்லும் அனுமதியும் கிடைத்து, இருவரும் காட்பாடியில் ரயிலேறினர். பையும் பணமும் இதுவரை கிடைக்கவில்லை, விசாரணை நடக்கிறது.

ரயில் ஏறுமுன் அம்மையாரின் கணவரான அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வங்க மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். பக்கத்தில் தம்பி இல்லை. தலையாட்டி வைத்தேன்.

இப்போது எங்கள் வரவேற்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் தம்பி எழுதித் தந்த சீட்டு ஒன்று இருக்கிறது. சுரி என்றால் திருட்டு, சின்தாய் என்றால் பறிப்பு, ஹாரியே கேச்சே என்றால் தொலைந்துவிட்டது என வங்க எழுத்திலும் தமிழிலும் அருகருகே எழுதியிருக்கும். பக்கத்துக் கடைகளும் விடுதிகளும் வேண்டுமானால் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
விடுதி மேலாளர், வேலூர்