விட்டுப்போன 20 மாத்திரைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரத்தப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லா வகையையும் ஒன்றாகப் போட்டு எழுதியிருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான், என் வீட்டுக்காரரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

அவருக்கு வயது 48. மளிகைக் கடை வைத்திருக்கிறோம். போன வருஷம் ஆடியிலிருந்தே இரண்டு இட்லிக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே கல்லை வைத்த மாதிரி கனக்கிறது என்பார். அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மண்ணீரல் வீங்கி வயிற்றை அழுத்துகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 1,84,000 இருந்தது. 11,000-க்குள் இருக்க வேண்டியது. மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று லேப்பில் இன்னொரு முறை ரத்தம் எடுத்தார்கள்.

ரத்தப் புற்றுநோய் என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் ரத்தம் கக்கிச் சாவதுதான். அன்று இரவு அவர் கடை நோட்டை எடுத்து, யார் யார் எவ்வளவு பாக்கி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர்தான் உட்காரவைத்து விளக்கினார். இதற்கு சி.எம்.எல். (க்ரானிக் மைலாய்டு லுக்கீமியா) என்று பெயர், மெதுவாக வளரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது. பிள்ளைகளுக்கு இறங்காது, ஒட்டாது. குரோமோசோம் துண்டுகள் அப்படி ஒட்டிக்கொண்ட இடத்திலிருந்து உண்டாகும் ஒரு புரதம்தான் வெள்ளை அணுக்களை ஓயாமல் பெருகவைக்கிறது. அந்தப் புரதத்தை மடக்கும் இமாடினிப் மாத்திரை 2001-இல் வந்துவிட்டது. ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடித்து ஒழுங்காகச் சாப்பிட்டால், பெரும்பாலானவர்கள் மற்றவர்களைப் போலவே வயதாகி வாழலாம்.

இதே மாத்திரை நோவார்ட்டிஸ் கம்பெனி விலையில் மாதம் 1,20,000 ரூபாய் வரை இருந்ததாம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்குக் காப்புரிமை இல்லை என்று சொன்னதால், நம் நாட்டுக் கம்பெனிகள் அதை மிகக் குறைந்த விலையில் தொடர்ந்து விற்க முடிந்தது. அந்த வழக்கில் கம்பெனியை எதிர்த்து நின்றவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மருந்து இருந்தது, நாங்கள்தான் தவறிவிட்டோம். மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கொழுந்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், நாலு பேர் பார்த்தால் என்ன மாத்திரை என்று கேட்பார்களே என்று பெட்டியைத் திறக்கவே இல்லை. அப்புறம் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அதே கதை. உடம்பும் நன்றாக இருந்ததால் விட்டது உறைக்கவில்லை. மாத்திரை தொடங்கிய ஆறாம் மாதம், ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனையில் அளவு 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தது, ஒன்பதாம் மாதம் 2-ஐத் தாண்டிவிட்டது. டாக்டர் திட்டவில்லை. "எத்தனை நாள் விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து மிச்ச அட்டைகளை எண்ணினேன். 20 மாத்திரை.

இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எல்லார் எதிரிலும் மாத்திரை, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர், தினசரி காலண்டர் தாளில் ஒரு பெருக்கல் குறி. சில ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், காலையில் கண் இமை வீங்கியிருக்கும். அதை டாக்டரிடம் சொல்கிறோம், மாத்திரையை நாங்களாக நிறுத்துவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடமும் நானே சொல்லிவிடுகிறேன். ஓர் இடம் தட்டிப்போனது. சரி, போகட்டும்.

இந்த நோய்க்கென்று ஒரு நாள் இருக்கிறது, செப்டம்பர் 22. ஒன்பதாம் மாதம், இருபத்திரண்டாம் தேதி, அந்த இரண்டு குரோமோசோம்களின் எண்கள்தான். அந்த வாரம் இதற்கென்று தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். புதிதாக ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்கள் யாராவது அன்று உங்கள் இதழைப் புரட்டக்கூடும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மன்னார்குடி.