விவாகரத்து வழக்குகளில் கட்டணமும் கேஸ் கட்டும்: பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென் மாவட்டக் குடும்ப நீதிமன்றம் ஒன்றில் அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். விவாகரத்து வழக்குகளில் கட்சிக்காரருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் இடையே பணத்தாலும் ஆவணங்களாலும் எழும் சிக்கல்கள் குறித்து இம்மடலை எழுதுகிறேன்.

வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு கவனக்குறைவாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் மீது நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம் என்பது 1995 முதல் நிலைத்துவிட்ட சட்டம். வழக்கறிஞர் மீது அவ்வாறு முறையிட வழியில்லை. அந்த வேறுபாடு சரியா என்பதை விவாதிக்க நான் வரவில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கோரலாம் என்பார்கள். ஒரு வழக்கில் நொந்துபோனவரை இன்னொரு வழக்குப் போடச் சொல்வது ஏட்டளவிலான பரிகாரம். ஆகவே 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி தங்களிடம் தரப்படும் புகார்தான் நடைமுறையில் மிஞ்சியிருக்கிறது.

சொத்து வழக்கில் வழக்கறிஞர் ஒரு வாய்தாவைத் தவறவிட்டால், தாமதமானாலும் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளலாம். விவாகரத்து வழக்கில் பதிலுரை தாக்கல் செய்யாமல் விட்டு, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி (அதாவது ஒரு தரப்பின் வாதத்தைக் கேளாமலேயே தீர்ப்பாகி), அது கட்சிக்காரரின் காதுக்கு எட்டுவதற்குள் மேல்முறையீட்டுக் காலமும் கழிந்துவிட்டால், எதிர்த் தரப்பு மறுமணம் செய்துகொள்ள இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதன் பிறகு அந்தத் தீர்ப்பை ரத்துசெய்யும் உத்தரவைப் பெற்றாலும் பழைய நிலை திரும்புவதில்லை.

ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் கட்டளையிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் பூர்த்தி செய்யாத படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விவரங்களைக் குமாஸ்தா பிறகு நிரப்பும் வழக்கத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன். தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணின் படிவத்தில் 'வருமானம் இல்லை' என்று எழுதப்பட்டிருந்தது. அவர் தன் வருமானத்தை மறைக்கச் சொல்லவே இல்லை. குறுக்கு விசாரணையில் பொய் சொன்னவராகக் கூண்டில் நின்றது அவர்தான்.

கட்டண விஷயம் இதைவிட மோசம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடைசெய்கின்றன. இருந்தும் நிரந்தர ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்ற பேச்சு நீதிமன்ற வராண்டாவில் கூச்சமின்றி நடக்கிறது. ஜீவனாம்சத் தொகைக்கான டிமாண்ட் டிராஃப்ட் கைமாறும் நாளுக்கு முன்பே, தொகை எழுதாத காசோலையில் பெண்ணிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ரசீது என்ற பேச்சே கிடையாது. கொடுத்த பணத்தின் கணக்கைப் பழைய காலண்டர் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிவைத்து என்னிடம் காட்டிய ஒருவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வழக்கறிஞரை மாற்ற நினைத்தால் அடுத்த முட்டுக்கட்டை வருகிறது. கட்டண பாக்கிக்காகக் கேஸ் கட்டை, அதாவது கட்சிக்காரரின் வழக்கு ஆவணங்களை, பிடித்து வைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஆயினும் திருமணப் பத்திரிகை முதல் நகைப் பட்டியல் வரை எல்லா அசல்களும் பழைய வழக்கறிஞரின் அலமாரியில் கிடக்க, புதிய வழக்கறிஞர் வெறுங்கையோடு வாய்தா கேட்டு நிற்கும் காட்சி அன்றாடம் நடப்பது.

பரஸ்பர சம்மத மனுக்களில், உரிய நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017-ஆம் ஆண்டின் அமர்தீப் சிங் தீர்ப்பு சொல்வதையும் கட்சிக்காரர்கள் பலர் அறிவதில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் சொல்வதில்லை.

கட்டணமே வாங்காமல் ஆண்டுக்கணக்கில் பெண்களுக்காக ஆஜராகும் வழக்கறிஞர்களையும் நான் நன்கறிவேன். பேசிய தொகையைத் தராமல் ஏமாற்றும் கட்சிக்காரர்களும் உண்டு. ரசீதும் எழுத்து வடிவிலான கட்டண ஒப்பந்தமும் இருந்தால் அவை இந்த வழக்கறிஞர்களுக்கும் பாதுகாப்பாகும்.

எனவே குடும்ப நீதிமன்ற வழக்குகளுக்கு மட்டுமாவது கட்டணத்தைத் தமிழில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவதையும், பெறும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தருவதையும் கட்டாயமாக்குங்கள். கேஸ் கட்டைத் திருப்பித் தர மறுப்பதாக வரும் புகாரை மற்றப் புகார்களோடு வரிசையில் நிறுத்தாமல், அடுத்த வாய்தாவுக்கு முன்பே தீர்க்கத் தனி ஏற்பாடு செய்யுங்கள். ஓராண்டுக்குள் முடியாத ஒழுங்கு நடவடிக்கை இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்றப்படும் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36பி பிரிவு கூறுகிறது. அப்படி டெல்லிக்குப் போகும் புகாரைத் தொடர்ந்து நடத்த ராமநாதபுரத்துக் கட்சிக்காரரால் இயலாது. ஆண்டுதோறும் எத்தனைப் புகார்கள் வந்தன, எத்தனை முடிந்தன, எத்தனை மாற்றப்பட்டன என்ற கணக்கைப் பெயர்கள் இல்லாமல் வெளியிடுங்கள். தமிழில் அச்சிட்ட புகார்ப் படிவம் ஒவ்வொரு குடும்ப நீதிமன்றத்தின் தகவல் பலகைக்கு அருகிலும் கிடைக்க வேண்டும். அதற்கு மாவட்ட நீதிபதிகளின் இசைவைக் கோரித் தாங்கள் ஒரு கடிதம் எழுதினாலே போதுமானது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்ப நீதிமன்ற அலுவலர் ஒருவர்