செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், அமெரிக்க விடுதலைப் போரில் நின்ற முதலாம் ரோட் ஐலண்ட் படைப்பிரிவை அதே உடையில் நடித்துக் காட்டும் நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஓர் இழப்பு. நம்முடைய கோட்டுகளில் பாதிக்கு மேல் தைத்துக் கொடுத்த மூத்த உறுப்பினர் மார்ச் மாதம் காலமானார். பொத்தான் துளைகளை இயந்திரத்தில் போட அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. மெழுகு தடவிய லினன் நூலால் ஒவ்வொன்றையும் கையாலேயே சுற்றித் தைத்தார். அவர் பாதியில் விட்டுப்போன கோட்டை அவருடைய மகள் முடித்துத் தந்தார். தந்தையின் தையல் எங்கே முடிகிறது, மகளின் தையல் எங்கே தொடங்குகிறது என்று விளக்கு வெளிச்சத்தில் வைத்துத் தேடினேன். தெரியவில்லை.

இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, நாம் யாருடைய உடையை அணிகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1778 தொடக்கத்தில், பிரிட்டனை எதிர்த்த அந்தப் போருக்கு, அமெரிக்க மாநிலமான ரோட் ஐலண்டால் தன் பங்குக்கு உரிய படைவீரர்களைத் திரட்ட முடியவில்லை. ஜெனரல் ஜேம்ஸ் வார்னம் ஒரு யோசனை சொன்னார். பிப்ரவரி 14 அன்று சட்டமன்றம் அதை ஏற்றது. அடிமையாக இருக்கும் கறுப்பினத்தவரோ பூர்வகுடியினரோ படையில் சேர்ந்து தேர்வாகிவிட்டால் அந்தக் கணமே விடுதலை. உரிமையாளருக்கு 120 பவுண்டு வரை ஈட்டுத்தொகை. உரிமையாளர்களின் எதிர்ப்பால் ஜூன் மாதமே அந்தக் கதவு அடைபட்டது. அதற்குள் நுழைந்துவிட்டவர்களைக் கொண்டுதான், கர்னல் கிறிஸ்டஃபர் கிரீனின் முதலாம் ரோட் ஐலண்ட் படைப்பிரிவு ஆகஸ்ட் 29 அன்று அக்விட்னெக் தீவில், பிரிட்டனுக்காகப் போரிட்ட ஜெர்மானியரான ஹெஸ்ஸியப் படையின் தாக்குதல்களை எதிர்த்து நின்றது.

அந்த நாளை ஒட்டி அதே தீவின் போர்ட்ஸ்மத்தில் நாம் நடத்திய நிகழ்ச்சியே இவ்வாண்டின் பெரிய வேலை. காலை முழுவதும் கடலிலிருந்து ஈரக்காற்று. முதல் சுற்றில் எட்டுத் துப்பாக்கிகளில் மூன்று வெடிக்கவில்லை. சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிய சத்தம் மட்டும் கேட்டது. ஒன்றில், பற்றவைப்பதற்காக வைக்கும் மருந்தான ரஞ்சகம் கிண்ணத்தில் புஸ்ஸென்று எரிந்து அடங்கியது. நெருப்பு குழலுக்குள் போகவே இல்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நம் இளைஞர்களுக்கு முகம் வாடிவிட்டது. அவர்களுக்கு அன்று சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 1778 ஆகஸ்ட் நடுவில் அடித்த புயலில் அமெரிக்கப் படையின் காகிதத் தோட்டாக்கள் நனைந்து வீணாயின. உதவிக்கு வந்து அதே புயலில் சேதமடைந்த பிரெஞ்சுக் கப்பற்படை பாஸ்டனுக்குப் போய்விட, தனித்து விடப்பட்ட அமெரிக்கத் தளபதி ஜெனரல் சல்லிவன், பிரிட்டிஷார் கையிலிருந்த நியூபோர்ட்டின் முற்றுகையைக் கைவிட்டு வடக்கே பின்வாங்க நேர்ந்தது. நனைந்த வெடிமருந்தும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. வெடிக்காத துப்பாக்கியை மறைக்காமல், ஏன் வெடிக்கவில்லை என்று மக்களிடம் காட்டிச் சொல்வோம். துப்பாக்கி வெடிக்காத மூன்று பேரும் குழலைத் தாழ்த்தாமல் அப்படியே நிறுத்திக் காத்திருந்தார்கள். அந்த ஒழுங்குக்கு என் பாராட்டு.

அன்று மாலை பத்து வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து கேட்டாள்: “சண்டை முடிந்ததும் இவர்கள் வீட்டுக்குப் போனார்களா? யாருடைய வீட்டுக்கு?” எனக்குப் பதில் தெரியும், ஆனால் நம் நிகழ்ச்சியில் அது எங்கேயும் இல்லை. நான் மண்டியிட்டு உட்கார்ந்து அவளுக்குச் சொன்னேன். 1781 ஜனவரியில் இப்படைப்பிரிவு இரண்டாம் படைப்பிரிவோடு இணைக்கப்பட்டது. மே 14 அன்று பைன்ஸ் பிரிட்ஜ் அருகே கர்னல் கிரீன் கொல்லப்பட்டார். எஞ்சியவர்கள் போரின் கடைசிப் பெரிய சண்டை நடந்த யார்க்டவுன் வரை போனார்கள். 1783 பிப்ரவரியில், பிரிட்டிஷாரின் ஆஸ்விகோ கோட்டையைப் பிடிக்க உறைபனியில் நடந்து கால்விரல்களை இழந்தவர்களும் உண்டு. அவ்வாண்டு ஜூனில் சம்பளப் பாக்கி தீராமலேயே அனுப்பப்பட்டார்கள். ரோட் ஐலண்டில் அடிமைமுறை உடனே ஒழியவில்லை. 1784 மார்ச் 1க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டுமே விடுதலை என்றது புதிய சட்டம். போர்முனையிலிருந்து திரும்பிய மனிதன் சுதந்திரன். அவன் தாயோ தங்கையோ இன்னும் ஒருவருடைய உடைமையாக இருந்திருக்கலாம். ஓய்வூதியத்துக்கு 1818 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் வறுமையை நிரூபித்தே பெற முடிந்தது.

இதனால்தான் செயற்குழுவில் ஒரு கோரிக்கை வைத்தேன். இனி ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கடைசி வெடியோடு கலையாமல், வரிசையில் நின்றபடியே கால் மணி நேரம் இந்தப் பிற்பகுதியைச் சொல்ல வேண்டும். மக்கள் புகையும் சத்தமும் பார்க்கத்தான் வருகிறார்கள், அதற்குள் கிளம்பிவிடுவார்கள் என்று சில உறுப்பினர்கள் வாதிட்டார்கள். அவர்களும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வீரத்தை மட்டும் காட்டிவிட்டுக் கூலி கொடுக்காததை விட்டுவிட்டால், நாம் அவர்களை இரண்டாம் முறை வெறுங்கையோடு அனுப்புகிறோம். தீர்மானம் நிறைவேறியது.

கவாத்து குளிர்காலத்திலும் தடைப்படவில்லை. அமெரிக்கப் படைக்குப் பயிற்சி தந்த ஸ்டாய்பன் 1779இல் வகுத்த விதிப்படி நிமிடத்துக்கு 75 எட்டு என்ற சாதாரண நடை இப்போது எல்லோருக்கும் காலில் படிந்துவிட்டது. 120 எட்டு விரைவு நடையில்தான் வரிசை இன்னும் வளைகிறது. பக்கத்தில் நிற்பவர் மேல் தீப்பொறி தெறிக்காமல் தடுக்கும் பித்தளைத் தகடு இல்லாத துப்பாக்கி இனி வரிசையில் நிற்காது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

உடை பற்றிய விவாதம் முடியவில்லை. பிரெஞ்சுப் படையில் இருந்த இளம் அதிகாரி டி வெர்ஜே 1781இல் தீட்டிய நீர்வண்ண ஓவியத்தில் ரோட் ஐலண்ட் வீரர் வெண்ணிற உடையில் நிற்கிறார். நாமோ 1779 அக்டோபர் உத்தரவின்படி வெள்ளை மடிப்பு வைத்த நீலக் கோட்டு அணிகிறோம். யார்க்டவுன் காட்சிகளுக்காவது ஓவியத்தின்படி உடை வேண்டும் என்பது என் கருத்து. துணி விலையைப் பொருளாளர் விசாரித்திருக்கிறார்; வரவு செலவோடு அவரே அதையும் வைப்பார்.

2028இல் அந்தச் சட்டத்துக்கும் சண்டைக்கும் 250 ஆண்டுகள் நிறைகின்றன. பிப்ரவரி 14, ஆகஸ்ட் 29 ஆகிய இரண்டு நாள்களுக்கும் இப்போதே குழு அமைக்கக் கோருகிறேன். வீரர் பட்டியலில் உள்ள பெயர்களை உரக்க வாசிக்கும் பொறுப்பை யாராவது ஏற்க வேண்டும். பல பெயர்களுக்குப் பின்னால் முந்தைய உரிமையாளரின் குடும்பப் பெயரே ஒட்டியிருக்கிறது. உச்சரிப்பை முன்கூட்டியே சரிபார்த்து, நிதானமாகப் படிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.

இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்