இறால் ஓட்டைப் புதைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறால் கம்பெனிகளின் தலையும் ஓடும் கண்ட இடத்தில் கொட்டப்பட்டு நாறுவது கடற்கரை ஊர்களில் தீராத பிரச்சினை. குழி வெட்டிப் புதைக்கச் சொல்கிறார்கள் பலர். தூத்துக்குடியில் ஏற்றுமதிக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதைப்பது பெரிய நஷ்டம் என்பேன்.

இறால் ஓட்டுக்கு உறுதி தருவது கைட்டின் என்ற நார்ப்பொருள். மற்றபடி பெரும்பாலும் புரதமும் சுண்ணாம்பும்தான். கழுவிய ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டதுமே நுரை பொங்கும். சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். நுரை அடங்கிய பின் எடுத்தால், கையைக் குத்திய ஓடு ஈரத்துணி போலத் துவண்டு கிடக்கும். நன்றாக அலசி, நீர்த்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் புரதம் கழன்றுவிடும். மிஞ்சுவது கைட்டின். அதை 40 முதல் 50 சதவீத காஸ்டிக் கரைசலில் காய்ச்சினால் கைட்டோசான் கிடைக்கும். இரண்டையும் வினிகரில் போட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: கைட்டின் அப்படியே கிடக்கும், கைட்டோசான் கரைந்து கொழகொழவென்று ஆகிவிடும். ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணியிலிருந்து கழிவுநீரைத் தெளியவைப்பது வரை அதற்குப் பயன் உண்டு.

இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காளான், பூஞ்சணம் வழியாகவும் கைட்டின் கிடைக்கும். சொல்லப்போனால் 1811இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஆன்றி பிராக்கோனோ இதை முதலில் கண்டதே காளானில்தான். காளானில் ஓட்டைப் போலச் சுண்ணாம்பு இல்லாததால் அமிலத்தின் வேலை குறைவு. ஆனால் குளுக்கன் என்ற இன்னொரு பொருள் கைட்டினோடு பிணைந்தே வரும்; அதைப் பிரிப்பது லேசில்லை. பெல்ஜியத்தில் சிட்ரிக் அமிலத் தயாரிப்புக்கு வளர்க்கும் கரும்பூஞ்சணத்திலிருந்து இரண்டையும் சேர்த்தே எடுத்து விற்கிறார்கள். நம் ஊரில் வெட்டி எறியும் காளான் அடித்தண்டையும் யாராவது இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

ஓட்டைப் பொறுத்தவரை முக்கியம், அது கெடாமல் இருப்பது. வெயிலில் கிடந்து அழுகிய ஓட்டிலிருந்து நல்ல சரக்கு வராது. உரித்த கையோடு ஐஸ் போட்டு, அன்றைக்கே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செய்முறையை எப்போதோ வகுத்துவிட்டது. சிறிய கம்பெனிகள் தனித்தனியாக ஆலை வைக்க முடியாது என்பதால், மீன்வளத் துறை ஒரு பொது ஆலைக்கு வழி செய்ய வேண்டும்.

ஒரு நிபந்தனை. இந்த வேலைக்குத் தண்ணீர் ஏராளமாகச் செலவாகும். வெளியே வருவது அமிலமும் காரமும் கலந்த கழிவுநீர். புரதத்தைத் தீவனத்துக்குப் பிரித்தெடுத்து, மீதியைச் சுத்திகரிக்கும் வசதி முதலில் தயாராக வேண்டும். அது இல்லாமல் எந்த ஆலைக்கும் அனுமதி தரக்கூடாது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தூத்துக்குடி.