ஒரு முன்னாள் ஹவில்தாரின் நன்றி மடல்

மதுரை, திருமங்கலம், பேரையூர் வட்டார மக்களுக்கு வணக்கம்.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 ஆண்டுகள் இருந்துவிட்டு, ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன் நான். போன மாதம் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்திருக்கிறேன். இந்தத் தேர்வுக்கு நான் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னதிலிருந்து, வேலையில் சேரும் நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது வரை எத்தனையோ பேர் கூட நின்றார்கள். பெயர் போட்டால் சங்கடப்படுவீர்கள் என்பதால் பெயரில்லாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் சுபேதார் சாப். சுபேதார் என்பது ஹவில்தாருக்கு மேலான பதவி; 'சாப்' என்பது படையில் மரியாதையாகக் கூப்பிடும் சொல். நாற்பதை நெருங்கும் வயதில் பென்ஷனோடு வருகிறவனைப் பார்த்து, "மிலிட்டரிக்காரருக்கு என்னப்பா குறை" என்பார்கள் ஊரில். பிள்ளைகளின் படிப்புச் செலவு ஏறுகிற வயது அது. பென்ஷனை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. ஒரு ஏஜென்சி மூலமாக மதுரையில் ஏடிஎம் காவலுக்குப் போனேன். இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு வரை வேலை. பேசிய சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது வேறு. சாப் என்னைத் திருமங்கலத்தில் ஒரு டீக்கடையில் உட்கார வைத்து, படையிலிருந்து விடுவிக்கும்போது தரும், சர்வீஸ் விவரமெல்லாம் இருக்கும் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "தம்பி, நீ பத்தாவதுதான். ஆனா ஆர்மி எஜுகேஷன் சர்டிபிகேட் இருக்கு, 15 வருசத்துக்கு மேல சர்வீஸ் இருக்கு. பேங்க் கிளார்க் பரீட்சைக்கு இது போதும். வயசுல உன் சர்வீஸைக் கழிச்சு, அதுக்கு மேல மூணு வருசம் சலுகை உண்டு. அப்புறம் எதுக்கு இப்படி ராத்திரி முழிக்கிற?" என்றார்.

பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பணியிடங்களில் 14.5 சதவீதமும், மத்திய அரசின் குரூப் சி பணியிடங்களில் 10 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு உண்டு என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். காவல் வேலையே போதும் என்கிறவர்களுக்கு 1986 முதல் தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ நிறுவனம் இருப்பதையும் அவர்தான் சொன்னார். அங்கே பெயரைப் பதிந்த என் பேட்ச் நண்பர் இருவர் இன்று அதில் பணியில் இருக்கிறார்கள்.

அடுத்து, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எங்கள் மனுக்களைப் பார்க்கும் அந்த அம்மா. என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இல்லாததற்கு நேராக மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். இதைக் கொண்டு வந்தால் போதும், இதற்காக ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டாம், பக்கத்திலேயே நகல் எடுக்கலாம் என்று சொல்லி அனுப்புவார். வேலைக்கென்று போனவனிடம், "அம்மா உங்களோடுதானே இருக்காங்க? அவங்களுக்கு வருமானம் இருக்கா?" என்று கேட்டதும் அவர்தான். வருமானமில்லாத பெற்றோரையும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் அட்டையில் சேர்க்கலாம் என்று சொல்லி, படிவத்தையும் கையில் கொடுத்தார். அந்தத் திட்டத்தின் மருத்துவமனையான பாலிகிளினிக்கில் பார்த்து எழுதிக் கொடுத்த மருத்துவமனையில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. நாங்கள் காசு கட்டவில்லை. அம்மா இப்போது தானே பூத்தொடுக்கிறார்.

நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறந்தது. இரவுக் காவல் முடிந்ததும் நேராக அங்கே போவேன். போட்டித் தேர்வுப் பகுதியில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு என் வயதில் பாதிதான். துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைக்கு, 60 நிமிடத்தில் 100 கேள்வி என்பது புது உலகம். மேலூர்ப் பக்கத்துத் தங்கை ஒருத்தி என் நோட்டைத் திருப்பிப் பார்த்து, "அண்ணே, 35 சதவீதம்னா பெருக்காதீங்க. முதல்ல பத்து சதவீதத்தை எடுங்க, அதை மூணு தடவை கூட்டுங்க, கடைசியில அதுல பாதியைச் சேருங்க" என்று 840ஐ வைத்துப் போட்டுக் காட்டினாள். 84, 84, 84, 42. கூட்டினால் 294. அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆங்கிலப் பகுதி தவிர மற்றதைத் தமிழிலேயே எழுதலாம் என்று சொல்லி என் பயத்தைப் பாதி குறைத்தவர்களும் அந்தப் பிள்ளைகள்தான். அவர்களில் மூன்று பேர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கைகளே, தம்பிகளே, உங்கள் தேர்வு நாளன்று நான் லீவு போட்டுவிட்டு வாசலில் நிற்பேன்.

எங்கள் ஊர் இ-சேவை மையத்துப் பெண்ணுக்கு நான் பட்டிருக்கும் கடன் இன்னும் பெரிது. பக்கத்து ஊர் அக்காவின் வீட்டுக்காரர் ஹவில்தாருக்கு முந்தைய பதவியான நாயக்காக ஓய்வு பெற்றவர், மாரடைப்பில் போய்விட்டார். படைப் பதிவில் அக்காவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. குடும்ப ஓய்வூதியம் அதிலேயே சிக்கிக்கொண்டது. இந்த இ-சேவை மையத்துப் பெண் படையினர் ஓய்வூதிய இணையதளமான ஸ்பார்ஷில் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, நல அலுவலகத்து அம்மா சான்றுகளைச் சேர்த்து எங்கள் ரெஜிமென்ட்டின் பதிவுகளை வைத்திருக்கும் வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்ப, கடிதத்தைச் சாப் எழுதினார். பாக்கித் தொகையோடு ஓய்வூதியம் வந்தது. அக்காவின் மகள் நர்சிங் முதலாம் ஆண்டில் சேர்ந்ததும் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் உதவித்தொகைக்கும் அந்த மையத்திலேயே விண்ணப்பித்தார்கள். பெண் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் கணக்கு. வீடு நிமிர்ந்துவிட்டது. அதே வாரம் அந்தப் பெண் என்னையும் விடவில்லை. "உங்க வீட்டம்மா பிறந்த தேதி ரெண்டு இடத்திலயும் ஒண்ணா இருக்கான்னு பாத்துருவோம் சார்" என்றாள். ஒன்றாக இல்லை. திருத்திவிட்டோம். நாம் இருக்கும்போதே செய்தால் ஒரு மனு, போன பிறகென்றால் அந்தப் பாரம் நம் மனைவியின் தலையில். ஓய்வு பெற்ற தோழர்கள் எல்லாரும் இதை இந்த வாரமே பார்த்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளன்று உண்டியலில் காசு போடுகிற கடைக்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. அந்த நிதி எங்கள் வீடுகளுக்குத்தான் வருகிறது.

ஞாயிறு காலைகளில் சுபேதார் சாப்பும் நானும் திருமங்கலத்தில் அதே டீக்கடையில் இருப்போம். ஓய்வு பெற்று வருகிறவர்கள், கணவரை இழந்த அக்காமார், யாராக இருந்தாலும் வாருங்கள். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (ஓய்வூதிய ஆணை), ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
பேரையூர் வட்டத்து முன்னாள் ஹவில்தார்